சேற்றில் ஓடும் ஹஸ்கிகளும் பனியில் உறைந்துபோன மனிதர்களும்

ஸ்காட்லாந்தில் கெய்ர்ன்கார்ம் மலையடிவாரத்தில் லாக் மார்லிக் என்று ஓர் ஏரி இருக்கிறது. வழக்கமாக ஜனவரி மாதக் கடைசியில் அந்த ஏரியைச் சுற்றியுள்ள பைன் காட்டுக்கு நூற்றுக்கணக்கான ஹஸ்கி நாய்கள் வந்து இறங்கும். பிரிட்டனின் சைபீரியன் ஹஸ்கி கிளப் 1984-ல் ஆரம்பித்த பந்தயம் இது. பெயர், அவிமோர் ஸ்லெட் நாய்ப் பந்தயம். ஸ்லெட் என்றால் பனியில் சறுக்கிப் போகும் வண்டி. ஆனால் போய்ப் பார்த்தால் பெரும்பாலான வருடங்களில் அங்கே ஸ்லெட்டும் இருக்காது, வண்டி சறுக்கும் அளவுக்குப் பனியும் இருக்காது! மூன்று சக்கர வண்டி இருக்கும். அதை இழுக்க நாய்கள் இருக்கும். அப்புறம் சேறு... முழங்கால் வரைக்கும், முகத்திலும், நாயின் வயிற்றிலும், வண்டி ஓட்டுபவரின் பல்லிலும் கூடச் சேறு.

இந்தப் படங்கள் இணையத்தில் வந்ததும் இரண்டு வகையான மனிதர்களுக்குப் பொத்துக்கொண்டு வருகிறது.

முதல் கட்சி சொல்வது: "பனியே இல்லாமல் பனிவண்டிப் பந்தயமா? தண்ணீர் இல்லாத குளத்தில் நீச்சல் போட்டி நடத்துங்களேன்!"

இரண்டாம் கட்சி சொல்வது: "ஐயோ பாவம், பனியில் வாழவேண்டிய ஜீவனைச் சேற்றில் பூட்டி இழுக்கவைத்து வதைக்கிறார்களே!"

இந்த இரண்டு கட்சிகளுக்கும் ஒன்றையொன்று கண்டால் ஆகாது. முதல் கட்சிக்காரர்கள் அலாஸ்காவின் ஆயிரம் மைல் பந்தயத்தைக் கும்பிடுகிறவர்கள். இரண்டாம் கட்சிக்காரர்கள் அந்தப் பந்தயத்தையே இழுத்து மூடச் சொல்கிறவர்கள். ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவருமே தரையைப் பார்க்கிறார்கள், நாயைப் பார்ப்பதில்லை.

முதலில், இது என்ன விளையாட்டு?

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பனியில்லாத தரையில் நாய் இழுக்க மனிதன் ஓடும் அல்லது ஓட்டும் பந்தயங்களுக்குப் பொதுவாக உலர்நிலப் பந்தயம் என்று பெயர். (உலர்நிலம்! இந்தப் பெயரை வைத்தவர் ஸ்காட்லாந்தின் ஜனவரியைப் பார்த்ததில்லை போலும்.) இதில் பல பிரிவுகள் உண்டு.

மனிதன் இடுப்பில் அகலமான பெல்ட் கட்டிக்கொண்டு, அதிலிருந்து ரப்பர் போல இழுபடும் கயிற்றை நாயின் உடல்வாரில் மாட்டி, இரண்டு பேரும் சேர்ந்து ஓடினால் அது கேனிகிராஸ். சைக்கிளில் பூட்டினால் பைக்ஜோரிங். கயிறு முன்சக்கரத்தில் சிக்காமல் இருக்க சைக்கிளின் முன்னால் ஒரு நீட்டுக்கம்பி வைத்திருப்பார்கள். மிதித்து ஓட்டும் பெரிய சக்கர ஸ்கூட்டரில் ஒன்றோ இரண்டோ நாய்களைப் பூட்டுவது இன்னொரு பிரிவு. நாலு, ஆறு, எட்டு நாய்கள் இழுக்கும் மூன்று அல்லது நான்கு சக்கர வண்டிக்கு ரிக் என்று பெயர். எல்லாரையும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிட மாட்டார்கள். ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டு அனுப்பி நேரம் குறிப்பார்கள். பொதுவாகச் சனிக்கிழமை ஒரு ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை ஒரு ஓட்டம். இரண்டு நேரத்தையும் கூட்டி யாருக்குக் குறைவோ அவருக்கு முதலிடம். தூரம் சில கிலோமீட்டர்கள்தான்.

மிக முக்கியமான விஷயம் இனிமேல்தான் வருகிறது. குதிரைக்குக் கடிவாளம் உண்டு. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு உண்டு. இந்த நாய்களுக்கு இரண்டும் கிடையாது. ஓட்டுபவர் கையில் இருப்பது தன் வண்டியின் பிரேக் மட்டும்தான். 'ஜீ' என்றால் வலது, 'ஹா' என்றால் இடது, 'ஆன் பை' என்றால் வழியில் எதைப் பார்த்தாலும் கண்டுகொள்ளாமல் போ. மானைப் பார்த்தாலும், எதிரில் இன்னொரு நாய் குரைத்தாலும், முன்னால் ஓடும் தலைமை நாய் அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும். கேட்காவிட்டால் எட்டு நாய்களும் வண்டியும் மனிதனும் சேர்ந்து புதருக்குள் போகவேண்டியதுதான்.

இந்த விளையாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கடிவாளம் இல்லாத ஒரு மிருகம், மனிதக் குரலை நம்பி ஓடுகிறது. அந்த நம்பிக்கைக்குக் கீழே வெள்ளையாக இருந்தால் என்ன, கறுப்பாக இருந்தால் என்ன?

"பனியில்லாமல் பந்தயமா?" கட்சிக்கு

தமிழில் இந்தக் கேள்வியைக் கேட்பதே வேடிக்கை. மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதும் பனி, இமயமலை உச்சியில் உறைந்து கிடப்பதும் பனி. அந்தக் கணக்கில் பார்த்தால் அவிமோரிலும் பனி உண்டு, போங்கள்!

சரி, விளையாட்டை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருவோம். "நாய் இழுப்பது என்றாலே பனியில்தான்" என்பது வரலாறு தெரியாத பேச்சு. வட அமெரிக்கச் சமவெளிகளில் குதிரை வந்து சேர்வதற்கு முன்னால், அங்கே வாழ்ந்த பழங்குடிகள் இரண்டு நீளக்கழிகளை நாயின் தோளில் கட்டி, மறுமுனை தரையில் இழுபட, நடுவே சுமையை ஏற்றிக் கொண்டுபோனார்கள். புல்வெளியிலும் புழுதியிலும்தான். அதற்குப் பனி தேவைப்படவில்லை. பெல்ஜியத்தில் 20-ம் நூற்றாண்டிலும் நாய்கள் பால்வண்டி இழுத்துக்கொண்டிருந்தன, கல்பாவிய தெருக்களில். நாய் இழுத்த சரித்திரத்தில் பனி ஒரு பெரிய அத்தியாயம். ஆனால் புத்தகம் அதைவிடப் பெரியது.

அடுத்து, "அசல்" என்று இவர்கள் காட்டும் அலாஸ்காவைப் பார்ப்போம். இடிடரோட் பந்தயம் 1973-ல் முதன்முதலாக நோம் நகரம் வரை ஓடியது. சுமார் ஆயிரம் மைல். அசல் பனி, அசல் ஸ்லெட், அசல் குளிர். எல்லாம் சரி. ஆனால் பாதையில் போதிய பனி இல்லை என்பதால் 2003-ல் பந்தயத்தின் தொடக்கத்தை வடக்கே ஃபேர்பேங்க்ஸ் நகரத்துக்கு மாற்றினார்கள். 2015-ல் மறுபடியும். 2017-ல் மறுபடியும். 2025-ல் மறுபடியும். இடையில் 2016-ல் நடந்ததுதான் உச்சம். ஆங்கரேஜ் நகரத் தெருவில் சம்பிரதாயத் தொடக்க ஓட்டத்துக்குப் பனி போதவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? ஃபேர்பேங்க்ஸிலிருந்து ரயிலில் பனியை ஏற்றிக்கொண்டு வந்து தெருவில் கொட்டினார்கள்! அலாஸ்காவுக்கே பனியை ரயிலில் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

இப்போது சொல்லுங்கள், எது போலி? இருக்கிற தரை இதுதான் என்று ஒப்புக்கொண்டு சக்கரத்தை மாட்டுபவர் போலியா, அல்லது சரக்கு ரயிலில் பனியை வரவழைத்து "பாருங்கள், எல்லாம் பழையபடியே இருக்கிறது" என்று படம் எடுப்பவர் போலியா?

சேற்றில் ஓடுவது சுலபம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பனியில் ஸ்லெட் சறுக்கும். சேற்றில் சக்கரம் புதையும். ஏற்றத்தில் ரிக் ஓட்டுபவர் இறங்கித் தள்ளிக்கொண்டே ஓடவேண்டும். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் சக்கரம் நின்றுவிடும், வண்டி மட்டும் வழுக்கிக்கொண்டு போகும். அது முன்னால் ஓடும் நாயின் காலில் மோதாமல் பார்த்துக்கொள்வதற்கே தனித் திறமை வேண்டும். கேனிகிராஸில் கேட்கவே வேண்டாம். இடுப்பில் கட்டிய நாய் இழுக்கும் வேகத்துக்கு வழுக்கும் சரிவில் மனிதன் தன் காலை நம்பி இறங்கவேண்டும். அங்கே நாய் மட்டும் உழைப்பதில்லை. இழுபடுபவரும் நுரை தள்ளுகிறார்.

"ஐயோ பாவம்" கட்சிக்கு

இந்தக் கட்சியிடம் கொஞ்சம் மரியாதையாகத்தான் பேசவேண்டும். இவர்கள் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் பழையது, நியாயமானது.

இங்கிலாந்தில் 19-ம் நூற்றாண்டில் ரொட்டிக்கடைக்காரர்களும் இறைச்சிக்கடைக்காரர்களும் நாயைப் பூட்டிய வண்டிகளைத் தெருவில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நாய்கள் சுமை தாங்காமல் விழுந்தன. 1839-ல் லண்டனில் நாய்வண்டி தடை செய்யப்பட்டது. 1854-ல் இங்கிலாந்தின் பொதுச்சாலைகள் எல்லாவற்றிலும் தடை வந்தது. இன்றைய பந்தயங்கள் தார்ச்சாலையில் நடக்காமல் காட்டுப்பாதையில் நடப்பதற்குப் பின்னால் அந்தச் சரித்திரமும் இருக்கிறது.

பக்கத்துக் காலத்திலும் உதாரணம் உண்டு. 2010-ல் கனடாவின் விஸ்லரில் குளிர்கால ஒலிம்பிக் முடிந்து சுற்றுலாப் பயணிகள் குறைந்ததும், பனிவண்டிச் சவாரிக்கு வைத்திருந்த நாய்களைக் கூட்டமாகக் கொன்று புதைத்தார்கள். பிறகு தோண்டியபோது ஐம்பதுக்கும் மேற்பட்ட உடல்கள் கிடைத்தன. 2024 இடிடரோட் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்தபோதே மூன்று நாய்கள் செத்தன. இதையெல்லாம் படித்த ஒருவருக்கு, வாரில் பூட்டிய நாயைப் பார்த்ததும் வயிறு கலங்குவது தப்பே இல்லை.

ஆனால் கவனியுங்கள். இந்தப் பட்டியலில் எங்கே தவறு நடந்திருக்கிறது? ரொட்டிக்கடை வண்டியில் நாய் ஒரு கருவி. சுற்றுலா வியாபாரத்தில் நாய் ஒரு சரக்கு, சீசன் முடிந்தால் வேண்டாத சரக்கு. ஆயிரம் மைல் பந்தயத்தில் தூரமே எதிரி. கட்டாய ஓய்வு உண்டு, மருத்துவர்கள் உண்டு, களைத்த நாயை ஸ்லெட்டில் ஏற்றிக் கொண்டுபோய் அடுத்த நிலையத்தில் விட்டுவிடலாம் என்ற விதி உண்டு. எல்லாம் இருந்தும் அந்தத் தூரம் சில உடல்களை உடைத்துவிடுகிறது. இந்த மூன்றிலும் குற்றம் "இழுப்பது" என்ற செயலில் இல்லை. எவ்வளவு, எதற்காக, யாருடைய லாபத்துக்கு என்பதில் இருக்கிறது.

ஐந்து கிலோமீட்டர் காட்டுப்பாதையில் வீட்டு நாயோடு ஓடும் ஒருவரை இந்தப் பட்டியலில் சேர்ப்பது எந்த ஊர் நியாயம்? அந்த நாய் திங்கட்கிழமை காலையில் அதே வீட்டு அடுப்பங்கரையில்தான் படுத்துக் கிடக்கும். வழியில் நொண்டினால் பந்தயம் அங்கேயே முடிந்தது. கயிற்றைக் கழற்றிவிட்டு இருவரும் நடந்தே திரும்பிவிடலாம். அடுத்த நிலையம் வரை நூறு மைல் போகவேண்டிய கட்டாயம் இல்லை.

"ஆனால் ஹஸ்கி பனிப்பிரதேச நாய் ஆயிற்றே, பனியில்லாத இடத்தில் ஓடினால் சூடு தாங்குமா?" என்பது அடுத்த கேள்வி. நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்லும்போது பனியையும் குளிரையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நாய்க்குத் தேவை குளிர்ந்த காற்று. தரையில் வெள்ளை நிறம் இருக்கிறதா என்று அதன் உடம்பு கேட்பதில்லை.

நாய்க்கு மனிதனைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்து, வாயிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. ஓடும்போது தசைகள் செலவழிக்கும் சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் மாறுகிறது. அந்த வெப்பம் வெளியே போகவேண்டும் என்றால் காற்று குளிர்ச்சியாகவும் ஓரளவு வறட்சியாகவும் இருக்கவேண்டும். காற்றில் ஈரம் கூடினால் ஆவியாவது குறையும், உடம்பில் சூடு தங்கும். அதனால்தான் முறையாக நடக்கும் பந்தயங்களில் ஓட்டத்துக்கு முன் வெப்பநிலையை மட்டுமல்ல, ஈரப்பதத்தையும் அளக்கிறார்கள். அளவு மீறினால் தூரத்தைக் குறைப்பார்கள், அல்லது பந்தயத்தையே ரத்து செய்வார்கள். பல இடங்களில் விடியற்காலையிலேயே ஓட்டத்தை முடித்துவிடுவதும் இதற்காகத்தான்.

பிரிட்டனில் கேனிகிராஸ் நாய்களின் உடல்வெப்பத்தை ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் அளந்த ஓர் ஆய்வு 2018-ல் வெளிவந்தது. வேகமாக ஓடிய நாய்கள், ஆண் நாய்கள், கருநிற நாய்கள் ஆகியவை மற்றவற்றைவிட அதிகம் சூடேறியிருந்தன. கவனிக்க வேண்டிய தகவல். எந்த நாயை எந்த வெயிலில் நிறுத்தவேண்டும் என்று சொல்லித்தரும் தகவல். இப்படி அளந்து பார்க்கிற விளையாட்டைத்தான் வதை என்கிறார்கள்.

கொடுமை உண்மையில் எங்கே இருக்கிறது?

"பாவம்" கட்சியில் இருக்கும் பலருடைய வீட்டைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாமா? மன்னிக்கவும், பார்த்தே ஆகவேண்டும்.

பிரிட்டனில் சுமார் 9 லட்சம் நாய்களின் 2016-ம் ஆண்டு மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து 2020-ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. வெப்பத்தால் பாதிக்கப்படும் அபாயம் எந்த இனங்களுக்கு அதிகம்? சௌ சௌ, புல்டாக், ஃபிரெஞ்சு புல்டாக் போன்றவை முன்வரிசையில் இருந்தன. சப்பை மூக்கு அழகாக இருக்கிறது என்று மனிதன் வளர்த்தெடுத்த இனங்கள் அதில் பல. மூக்கு சப்பையானால் மூச்சிரைக்க வழியில்லை, சூடு வெளியே போகாது. அதே ஆண்டு அதே குழுவினர் வெளியிட்ட இன்னொரு ஆய்வின்படி, வெப்பப் பாதிப்புகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு உடற்பயிற்சியால் வந்தவை. பூட்டிய காருக்குள் விட்டுப் போனதால் வந்தவை அதைவிட மிகக் குறைவு.

"பாருங்கள், உடற்பயிற்சிதான் காரணம் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்!" என்று எதிர்க்கட்சி குதிக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். அந்த முக்கால் பங்கில் வருவது சாதாரண நடையும் விளையாட்டும்தான். கோடை மதியத்தில் வெப்பமானியைப் பார்க்காமல், ஈரப்பதம் என்றால் என்னவென்றே கேட்காமல், "பாவம், வெளியே போகணும்னு அழுவுது" என்று கூட்டிப்போகும் நடை. ஜனவரிக் காலையில் அளவு பார்த்து ஓடும் பந்தயம் அதற்குப் பதிலாள் ஆகாது.

ஹஸ்கி விஷயத்துக்கே வருவோம். ஒரு தொலைக்காட்சித் தொடரில் ஓநாய்களைக் காட்டினார்கள். உடனே ஓநாய் போல இருக்கும் நாய் வேண்டும் என்று உலகமெங்கும் ஹஸ்கிக் குட்டிகளை வாங்கிக் குவித்தார்கள். கொஞ்ச நாளில் அது வீட்டைப் பெயர்க்கிறது, ஊளையிடுகிறது, வேலி தாண்டி ஓடுகிறது என்று காப்பகங்களில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். அந்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் நடிகர் பீட்டர் டிங்க்ளேஜே 2017-ல், தயவுசெய்து ஹஸ்கி வாங்காதீர்கள் என்று ரசிகர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

நம்மூருக்கும் இதில் பங்கு இல்லாமல் இல்லை. வணிக இனப்பெருக்கத்துக்காக வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வதை மத்திய அரசு 2016-ல் கட்டுப்படுத்தியது. 2024-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, இந்த ஊர் வெயிலுக்கு ஒவ்வாத இனங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் சைபீரியன் ஹஸ்கியும் இருக்கிறது, அலாஸ்கன் மாலமூட்டும் இருக்கிறது. கொள்கை என்ன சொன்னாலும், சித்திரை வெயிலில் ஏசி அறைக்குள் ஒரு ஹஸ்கியை அடைத்து வைத்து, சாயங்காலம் மொட்டை மாடியில் பத்து நிமிடம் காட்டிவிட்டு, "எங்க வீட்டு செல்லம்" என்று படம் போடுபவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அந்தப் படத்துக்கு நூறு இதயக்குறி விழும். அதே ஆட்கள்தான் ஸ்காட்லாந்துச் சேற்றில் நாக்கைத் தொங்கப்போட்டு ஓடும் ஹஸ்கியின் படத்துக்குக் கீழே "மனிதாபிமானமே இல்லையா?" என்று கேட்கிறார்கள்.

சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் சுக்சி மக்கள் தலைமுறை தலைமுறையாக ஓட்டத்துக்காகவே வளர்த்த நாய் அது. அதன் எலும்பு, தசை, மனசு எல்லாம் ஓடக் கேட்கிறது. அதற்கு ஓட்டத்தைக் கொடுத்து, பனியை மட்டும் கொடுக்க முடியாதவர் கொடுமைக்காரரா? அல்லது இரண்டையும் கொடுக்காமல் மெத்தையைக் கொடுத்தவரா?

சேற்றுக்காரர்களுக்கும் நாலு வார்த்தை

இவ்வளவு நேரம் சேற்றுப் பந்தயத்துக்கு வக்காலத்து வாங்கியதால் அங்கே எல்லாம் சுத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். (சேற்றில் சுத்தம் ஏது!) கேட்கவேண்டிய கேள்விகள் அவர்களிடமும் இருக்கின்றன.

முதல் கேள்வி வேகத்தைப் பற்றியது. பிரிவின் உச்சியில் இப்போது ஹஸ்கிகளைக் காண்பது அரிது. அலாஸ்கன் ஹஸ்கியோடு ஜெர்மன் பாயின்டரைக் கலந்த யூரோஹவுண்ட், பாயின்டரோடு கிரேஹவுண்டைக் கலந்த கிரேஸ்டர் போன்ற நாய்கள்தான் குறுந்தூரத்தில் ஜெயிக்கின்றன. குட்டையான முடி, நீண்ட கால், மின்னல் வேகம். வெப்பத்தைத் தாங்க அந்த முடி உதவும் என்பதும் உண்மை. ஆனால் ஜெயிப்பதற்காகவே நாயை உண்டாக்கும் இடத்தில், ஜெயிக்காத குட்டிகள் எங்கே போகின்றன என்ற கேள்வியும் கூடவே பிறக்கிறது. விஸ்லரில் நடந்தது வேறு காரணத்துக்காக. ஆனாலும் "தேவைக்கு மேல் இருக்கும் நாய்" என்ற நினைப்புதான் அங்கேயும் வேர். எத்தனை குட்டி பிறந்தது, எத்தனை குட்டிக்கு வீடு கிடைத்தது என்று ஒவ்வொருவரும் கணக்குக் காட்டட்டும். காட்டினால் வாயை மூடிக்கொள்ளலாம்.

இரண்டாவது, மழையைப் பற்றிய மூடநம்பிக்கை. "மழை பெய்கிறது, சேறாக இருக்கிறது, குளிர்ச்சிதானே" என்று நினைக்கும் புதியவர்கள் நிறைய. குளிரும் மழையும் சேர்ந்தால் சரி. மப்பும் மந்தாரமுமாக, காற்று அசையாமல், வெதுவெதுப்பாக மழை தூறினால் அதுதான் ஆபத்தான நாள். மனிதனுக்கு இதமாக இருக்கும் அந்த ஈரக்காற்றில் நாயின் மூச்சு வேலை செய்யாது. வெயில் அடிக்கும் நாளைவிட இந்த நாள் ஏமாற்றும்.

மூன்றாவதுதான் முக்கியமானது. எந்தக் கேள்வி கேட்டாலும் இந்த விளையாட்டுக்காரர்கள் வைத்திருக்கும் ஒரே பதில், "நாய்க்குப் பிடித்திருக்கிறது, பாருங்கள் எப்படித் துள்ளுகிறது!" என்பது. துள்ளுவது உண்மை. புறப்படும் கோட்டில் அந்த நாய்கள் போடும் கூச்சலைக் கேட்டவர் யாரும் அதை மறுக்க மாட்டார்கள். கயிற்றைக் கடிக்கும், காற்றில் குதிக்கும், நாலு பேர் பிடித்தாலும் நிற்காது.

ஆனால் பிடித்திருப்பதாலேயே பிரச்சினை தீர்ந்துவிடுமா? அங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது! அந்த நாய்க்கு நிறுத்தத் தெரியாது. உடம்பு கொதிக்கும்போதும் ஓடும், பாதம் கிழிந்த பிறகும் இழுக்கும், ஏனென்றால் ஓட ஆசைப்படும்படியே அதை மனிதன் ஆயிரம் வருடமாக வளர்த்து வைத்திருக்கிறான். ஆசை அதிகம் இருப்பவனிடம் "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டு, அவன் தலையாட்டியதும் கையைக் கழுவிக்கொள்வது எப்படி நியாயமாகும்? நாய்க்கு ஆசை இருக்கிறது என்பதே மனிதனுக்குப் பொறுப்பு இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. "அதுக்குப் பிடிக்குது" என்பதைச் சாக்காகச் சொல்பவருக்கு இந்த விளையாட்டில் இடம் இருக்கக் கூடாது.

விதிப்புத்தகங்கள் இதற்கு ஓரளவு ஏற்பாடு செய்திருக்கின்றன. வளர்ச்சி முடியாத குட்டியைப் பூட்டக் கூடாது. நாயைத் துன்புறுத்தினால் வெளியேற்றம். ஆனால் எந்த விதியும் ஒருவரின் மனசுக்குள் போய் உட்கார முடியாது. நுழைவுக் கட்டணம் கட்டியாயிற்று, முந்நூறு மைல் வண்டி ஓட்டி வந்தாயிற்று, சனிக்கிழமை ஓட்டத்தில் இரண்டாவது இடம், ஞாயிறு காலை நாய் கொஞ்சம் சோர்வாக இருக்கிறது... அந்த இடத்தில் என்ன செய்வார் என்பதுதான் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லும். பதக்கம் எதையும் சொல்லாது.

ஆகவே...

பனி குறைந்துகொண்டு வருகிறது. அலாஸ்காவிலேயே பாதை மாறிக்கொண்டிருக்கிறது. இந்த நாய்களோ இன்னும் பல தலைமுறை இருக்கப்போகின்றன. அவற்றை என்ன செய்வது? பனி இருந்தால்தான் ஓட்டம் என்று முதல் கட்சி சொல்வதைக் கேட்டால், பணம் படைத்த சிலர் மட்டும் பனியைத் தேடி வடக்கே வடக்கே போய்க்கொண்டிருப்பார்கள், மீதி நாய்கள் கொட்டிலில் கிடக்கும். ஓட்டமே கூடாது என்று இரண்டாம் கட்சி சொல்வதைக் கேட்டால், எல்லா நாயும் சோபாவில் படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து ஊளையிடும். இரண்டுமே மனிதனுக்குத்தான் நிம்மதி. ஒன்றில் அவன் பெருமை பிழைக்கிறது, இன்னொன்றில் அவன் மனசாட்சி சுலபமாகத் தூங்குகிறது.

மூன்றாவது வழி அழுக்கானது. சக்கரத்தை மாட்டு, வெப்பமானியைப் பார், ஈரப்பதத்தை அள, தூரத்தைக் குறை, கூடவே நீயும் ஓடு, நாயின் முகத்தைப் படி, வேண்டாம் என்று தோன்றினால் கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை என்று திரும்பு. இதில் வீரம் இல்லை, அழகான வெள்ளைப் பின்னணி இல்லை, ரயிலில் வந்த பனி இல்லை. துவைத்தாலும் போகாத கறை இருக்கிறது.

ஆகவே, படத்தைப் பார்த்ததும் கீழே கருத்து எழுதக் கை பரபரக்கும் புண்ணியவான்களே, அடுத்த முறை ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். வண்டிக்குக் கீழே என்ன நிறம் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, பந்தயத்துக்கே புறப்படாமல் சோர்ந்த நாயைக் கூட்டிக்கொண்டு காருக்குத் திரும்பி நடக்கும் அந்த ஒருவரைத் தேடுங்கள். அவர் பெயர் முடிவுப் பட்டியலில் இருக்காது. இந்த விளையாட்டு பிழைக்கலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்வதாக இருந்தால், அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டுச் சொல்லுங்கள்.